வெள்ளிக்கிழமைகளைத் தொலைத்த சகலன்

ஏறாவூரில் ஸியாமைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நல்லதுதான் சொல்வார்கள். ஆகவே நானே சொல்கிறேன். ஒருத்தராவது எரிச்சலோடு சொல்லாவிட்டால் அது அவனுடைய முழுக் கதை ஆகாது. முகத்துக்கு நேரே நான் அவனை ‘தம்பி, நீங்க’ என்றுதான் பேசுவேன். இங்கே நீங்களும் நானும் மட்டும் என்பதால் அவன் இவன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மனதுக்கு அது கொஞ்சம் ஆறுதல்.

அவன் எனக்குச் சகலன். என் மனைவி ஸுஹைனாவின் தங்கை றிஸ்னாவை முடித்தவன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணுடையது. என் மாமி நபீஸாவுக்கு இரண்டு பெண்கள், ஒரே வளவு, இரண்டு வீடுகள். வீதியைப் பார்த்த வீடு மூத்தவளுக்கு. கிணற்றுக்கு அங்கால் உள்ள வீடு இளையவளுக்கு. ஓட்டமாவடியிலிருந்து நான் வந்து சேர்ந்த காலத்தில் றிஸ்னா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஆகவே நீண்ட காலம் அந்த வளவில் மருமகன் என்றால் நான் ஒருவன்தான். மீன் தலை எனக்கு. கேற்றுக்குப் பூட்டு மாற்றுவதா, மாமரத்துக் கொப்பை வெட்டுவதா, எல்லாவற்றுக்கும் மாமி என்னைத்தான் கேட்பார். ‘எங்கட மருமகன் கொம்பியூட்டர் படிச்சவரு’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவார். நானும் கேட்காத மாதிரி நடந்து போவேன்.

பிறகு காத்தான்குடியிலிருந்து இவன் வந்தான்.

ஒல்லியான உடம்பு, முகத்தை விடப் பெரிய கண்ணாடி. வாப்பா பிடவைக் கடை வைத்திருந்தவர். இவன் கடையில் இருந்து சீலை விரித்துக் காட்டாமல், கணக்கைப் படித்து, கொழும்புக்குப் போய் ஒரு கம்பனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். உம்மாவை விட்டு வரமாட்டேன் என்று றிஸ்னா சொல்லிவிட்டதால் அந்த வேலையை விட்டுவிட்டு ஏறாவூருக்கே வந்துவிட்டான். வேலையை விட்டவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? இவன் வந்த கிழமையே கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டான். மாமியின் போனைத் திறந்து, அதில் நிறைந்து கிடந்த காலை வணக்கப் படங்களையெல்லாம் அழித்து, ‘இனி கெதியா வேலை செய்யும் மாமி’ என்று கையில் கொடுத்தான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். அவன் கழுவும்போதெல்லாம் ஸுஹைனா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கலியாணம் முடித்த எல்லா ஆண்களுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில்தான் இன்னும் மோசம். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால் மாமி இரண்டு மருமக்களுக்கும் ஒரே சகனில் சோறு வைப்பார். சகன் என்பது சுற்றி இருந்து சாப்பிடும் பெரிய தட்டு. அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் தின்ன வேண்டும். இவன் தன் பக்கத்து இறைச்சித் துண்டுகளை ஒன்றொன்றாக என் பக்கம் தள்ளிவிடுவான். மாமி அதைப் பார்த்துவிட்டு, ‘எங்கட சின்ன மருமகனுக்குத் தங்கமான மனசு’ என்பார். இறைச்சியைத் தின்றவன் நான். அப்படியானால் என்னுடைய மனசு என்ன, பித்தளையா?

சரி, இதெல்லாம் வளவுக்குள் நடந்தது. பொறுத்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் அவனை நானே அலுவலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் வேலை செய்வது மட்டக்களப்பு நகரில், வாவி நீர் ஆய்வுத் திட்டம் ஒன்றில். வாவி ஓரமாக ஊர் ஊராக நீர்மட்டம் அளக்கும் கருவிகள் வைத்திருக்கிறோம். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஒவ்வொரு கருவியும் ஓர் எண்ணை எழுதி வைக்கும். பல வருச எண்கள் சேர்ந்து கிடக்கின்றன. எதற்கு என்றால், மாரியில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்து மணல்மேட்டை எப்போது வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது என்று எங்கள் மாவட்டத்தில் வருசம் தவறாமல் சண்டை. வெட்டு என்பார்கள் கிரான் பக்கத்து வெள்ளாமைக்காரர்கள். அவர்களுடைய வயல் வட்டையெல்லாம் தண்ணீரில் நிற்கும். பொறு என்பார்கள் மீன்பிடிகாரர்கள்; வாவியில் உள்ள றால் எல்லாம் கடலுக்குப் போய்விடும். எந்த ஊரில் எப்போது தண்ணீர் ஏறியது என்று எண்களை வைத்துக் காட்டினால் சண்டை குறையும் என்பது எங்கள் பெரியவர் அருமைநாயகம் சேரின் நம்பிக்கை. அந்த எண்களைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றிப் படமாக்கிக் கொடுப்பது என் வேலை.

திட்டம் வெளிநாட்டு உதவியில் ஓடுவது. உதவி இந்த வருசத்தோடு சரி. முடிந்ததும் ஒரே ஒருவரைத் திணைக்களம் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். யாரை என்று அருமைநாயகம் சேர்தான் பெயர் எழுதி அனுப்ப வேண்டும். அரச நியமனத்துக்கு வயதெல்லை இருக்கிறது. எனக்கு அந்த எல்லை வாசல்படிக்கு வந்துவிட்டது. இந்த முறை தவறினால் பென்சன் உள்ள வேலை என்று ஒன்று எனக்கு வாழ்நாளில் கிடையாது. ஆனால் நான் அப்போது கவலைப்படவில்லை. அலுவலகத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஸுஹைனாதான் காதைக் கடித்தாள். ‘தங்கச்சிட மாப்பிள்ள வேலையில்லாம இருக்காரு. உங்கட சேர்ட்ட ஒருக்காச் சொன்னா என்ன? வாய் தேஞ்சா போகும்?’ என்றாள். நான் சொன்னேன். சேர் எடுத்துக்கொண்டார். வாய் தேயவில்லை, மற்ற எல்லாம் தேய்ந்தது.

அதுவரை எங்கள் அலுவலகத்தில் பைல் ஏற்றுவது என்றால் ஒரு பெரிய வேலை. காலையில் வந்ததும் என் புரோகிராமைத் தொடக்கிவிடுவேன். ‘பைல் ஏறுது, ஒருத்தரும் தொடாதீங்க’ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்க் கடைக்குப் போவேன். ஒரு ரோல்ஸ், ஒரு பிளேன்டி, பேப்பர், கடைக்காரரோடு கொஞ்சம் அரசியல். திரும்பி வந்தால் பாதி ஏறியிருக்கும். சில நாட்களில் மெமரி நிறைந்து திரை அப்படியே உறைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து. பெரிய பைல் என்றால் அப்படித்தான் என்று நானும் நம்பினேன், மற்றவர்களும் நம்பினார்கள். ஒரு குறையும் இல்லாமல் காலம் போனது.

ஸியாம் வந்த முதல் நாள் என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

‘காக்கா, இது ஒவ்வொரு வரியா வாசிச்சா சேக்கிது?’ என்றான். எங்கள் பேச்சில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா.

‘வேற எப்பிடிச் சேக்கிற?’ என்றேன்.

‘ஒவ்வொரு வரியும் வரக்குள்ள பழைய தாயத்த முழுசாத் தூக்கி வேற இடத்துல வெச்சுப்போட்டு, புதுசா ஒரு நிரைய ஒட்டுது காக்கா. பொம்புளப் புள்ள ஒண்டொண்டாப் பொறக்கப் பொறக்க, இருந்த வளவ வித்துப்போட்டுப் பெரிய வளவுக்கு மாறின மாதிரி. எத்தின நிரை, எத்தின நிரல் எண்டு முதலே தெரியும்தானே? ஒரே வளவா எடுத்துப்போட்டு வீட்ட உள்ளுக்குக் கட்டலாம்.’

தாயம் என்பது நிரையும் நிரலுமாக எண்களை அடுக்கிய சட்டகம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். எங்கள் தாயத்தில் ஒவ்வொரு நிரையும் ஒரு நேரம், ஒவ்வொரு நிரலும் ஓர் ஊர். கணக்கு மாஸ்டர் மாதிரி எனக்கே அதை விளக்குகிறான். நான் ‘ம்’ என்றேன்.

அவன் விடவில்லை. ‘மறுகா இன்னொண்டு. பைல்ல கிடக்கிறது எழுத்துத்தான் காக்கா, எண் இல்ல. ஒவ்வொரு தரமும் அந்த எழுத்த வாசிச்சு எண்ணா மாத்தத்தான் இவ்வளவு நேரம். ஒரே ஒருக்கா மாத்தி, எண்ணாவே டிஸ்க்கில எழுதி வெச்சா மறுகா மாத்தவே தேவல்ல. எல்லா எண்ணும் ஒரே அளவு. எந்த எண் எந்த இடத்துல கிடக்கு எண்டு கணக்குப் பாத்து நேரா அங்க போகலாம். முழுசா ஏத்தவும் தேவல்ல, கேட்ட துண்ட மட்டும் எடுத்தாப் போதும்.’

‘எங்களுக்கு முழுசும் வேணும்,’ என்றேன். வேண்டாம் என்று எனக்கே தெரியும். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஓர் ஊரின் படத்தைத்தான் கேட்பார்கள்.

‘அப்ப ஊர் ஊரா அடுக்கி வெப்பம் காக்கா. இப்ப நேரப்படி கிடக்கு. கிரானுக்கு மட்டும் வேணுமெண்டாலும் பைல் முழுக்கத் தாண்டித் தாண்டிப் போகவேண்டிக் கிடக்கு. ஒரு ஊருட எண் எல்லாம் ஒரே தொடரா இருந்தா ஒரே இழுவைல வாசிக்கலாம்.’

அடுத்த நாள் காலையில் எல்லாம் செய்து வைத்திருந்தான். ‘கிரான்ட படத்த எடுத்துப் பாருங்க காக்கா’ என்றான். நான் விசையைத் தட்டிவிட்டு வழக்கம் போலத் தேத்தண்ணீருக்கு எழும்பினேன். கதிரையைப் பின்னால் தள்ளி முடிக்கவில்லை. படம் வந்துவிட்டது.

அருமைநாயகம் சேரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து ஒரு தரம் பார்த்தார், இன்னொரு ஊரைக் கேட்டார், அதுவும் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, ‘அப்ப இவ்வளவு நாளும் நாங்க ஏன் காத்திருந்தம், நிஸ்தார்?’ என்று கேட்டார். அந்த மனிதர் குத்திப் பேசத் தெரியாதவர். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் அது இன்னும் ஆழமாகக் குத்தியது. எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். உண்மையாகவே நெஞ்சுக்குக் கீழே ஒரு சூடு. மருந்துக் கடையில் வில்லை வாங்கிப் போட்டேன், போகவில்லை.

அன்று நான் வீட்டுக்கு வர முன்பே செய்தி வந்துவிட்டது. ஸியாம் சொல்லியிருக்கமாட்டான், அவன் சொல்லமாட்டான். அதையும் பெருமையாகத்தான் பேசுவார்கள். அலுவலகத்துப் பியோன் எங்கள் ஊர்க்காரர். இராச் சோற்றுக்கு மாமி மீன் தலையை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாரும் ஸியாமிடம்தான் போனார்கள். ‘ஸியாமக் கேளுங்க, கெதியா எடுத்துத் தருவாரு.’ என் தேத்தண்ணீர்க் கடைக்காரர்கூட, ‘இப்ப உங்களுக்கு வர நேரமில்லப் போல’ என்றார். நேரம் நிறைய இருந்தது, காரணம்தான் இல்லை. நானும் அவனுக்குத் தெரியாமல் வீட்டில் இருந்து அவன் முறையைப் பழகிப் பார்த்தேன். நிரையும் நிரலும் எங்கேயோ இடம் மாறி, கடும் கோடையில் குருக்கள்மடம் என்ற ஊர் முழுகுவதாகப் படம் வந்தது. லெப்டொப்பை மூடி வைத்துவிட்டு ஸுஹைனாவோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன்.

நிரந்தர வேலையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய தந்திரமாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லக்கூடிய வேலையா அது? அவனுக்கு முப்பது வயதுகூட இல்லை. அந்தக் கதிரையில் இருந்தால் தலை நரைக்கும் வரை இருக்கலாம். நோன்புப் பெருநாள் கழிந்து சில கிழமைக்குப் பிறகு, மோட்டார் சைக்கிளில் ஒன்றாகப் போகும்போது தன்னாமுனைப் பக்கத்தில் வைத்து மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

‘சேர் ஒரு பேர் எழுதி அனுப்போணுமாம். உங்களோட ஏதும் கதைச்சாரா தம்பி?’

‘அத நீங்க யோசிக்காதீங்க காக்கா’ என்றான் பின்னால் இருந்து.

யோசிக்காதீங்களாம். உள்ளுக்குள் எல்லாம் சரிக்கட்டி முடித்துவிட்டான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அன்று வழியில் கிடந்த குழிகளையெல்லாம் தேடித் தேடி வண்டியை இறக்கினேன்.

மாரி தொடங்க முன்பு ஒரு கூட்டம் வைப்பதாக இருந்தது. வெள்ளாமைக்காரர் பக்கமும் மீன்பிடிகாரர் பக்கமும் எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். கடந்த வெள்ளங்களில் எந்த ஊரில் எப்போது தண்ணீர் ஏறியது என்று அவர்களுக்குப் படம் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால் அதே படம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகும். எல்லா ஊர்ப் படங்களையும் ஸியாம் ஒரே காலையில் செய்து முடித்தான். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வீம்புக்கு என் பழைய புரோகிராமைத் தூசி தட்டி எடுத்து ஓடவிட்டேன். அது வழக்கம் போல முக்கி முனகி, இடையில் ஒரு தரம் உறைந்து, அடுத்த நாள் பகல்தான் படம் தந்தது.

இரண்டு பேரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிரான் ஒன்று போல இருந்தது. தன்னாமுனை ஒன்று போல. குருக்கள்மடம் ஒன்று போல. ஏறாவூரும் காத்தான்குடியும் மட்டும் வேறு மாதிரி இருந்தன. ஸியாமின் படத்தில் இந்த இரண்டு ஊரிலும் வெள்ளம் முந்தி வந்தது. பழைய வருசங்களில் கொஞ்சம்தான் முந்தியது. வருசம் போகப் போகக் கூடிக்கொண்டே வந்து, கடைசி வெள்ளத்தில் மழை பெய்யவே முன்பு ஏறாவூரில் தண்ணீர் ஏறி நின்றது. முதலில் நான் என்னுடையதுதான் பிழை என்று நினைத்தேன். அவ்வளவு தூரத்துக்கு என்னைக் கெடுத்து வைத்திருந்தான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போகிற வழியில் மீனவர் சங்கக் கட்டடத்தைக் கடந்து போனேன். ஏறாவூர்க் கருவியின் வயரும் பெட்டியும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கின்றன. சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பாறூக் காக்கா, வழக்கம் போல மெயின் சுவிச்சைக் கீழே இழுத்துவிட்டு, கதவைப் பூட்டி, தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்தார். ஜும்ஆ நேரத்தில் ஊரில் எல்லாக் கதவும் பூட்டுத்தான். பூட்டும்போது மெயின் சுவிச்சை இறக்குவது அவருடைய வழக்கம். நெருப்புப் பிடித்துவிடும் என்று அவருக்குப் பயம். காத்தான்குடியிலும் கருவி ஒரு சங்கக் கட்டடத்தில்தான், அங்கேயும் இதே கதைதான். நான் வீதியில் நின்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் அந்த இரண்டு கருவியும் ஓடுவதில்லை. இது எனக்குத் தெரியும், ஸியாமுக்குத் தெரியும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் ஒருத்தரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. என் புரோகிராம் மெதுவானது. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உள்ள திகதியையும் நேரத்தையும் வாசித்து, அந்த எண்ணை அதற்குரிய நிரையில் வைக்கும். எண் இல்லாத இடம் வெறுமையாகவே இருக்கும். திகதி வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் நேரம் தின்னும் வேலை. ஸியாம் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, முதல் எண் முதல் நிரைக்கு, அடுத்த எண் அடுத்த நிரைக்கு என்று வரிசையாக நிரப்பியிருந்தான். ஜும்ஆ நேரத்துக்கு எண் இல்லை. அதற்குப் பிந்திய எண்கள் எல்லாம் முன்னுக்கு ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டன. அடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம் ஏறின. கடைசியில் நிரைகள் மிஞ்சியபோது, அந்தக் கருவிகள் நேரத்தோடு பழுதாகியிருக்கும் என்று அவன் நினைத்துவிட்டான். ஊர் முழுக்கப் புகழ்ந்த ஆள், பல வருச வெள்ளிக்கிழமைகளைத் தொலைத்துவிட்டான். அதுவும் ஜும்ஆ நேரத்தில் ஒரு கடையும் திறக்காத காத்தான்குடியில் பிறந்தவன்.

எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது. அன்று ஜும்ஆவில் நான் என்ன ஓதினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்கு வந்து சகனில் உட்கார்ந்ததும் என் பக்கத்து இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளிவிட்டேன். ‘என்ன காக்கா, நீங்க சாப்பிடுங்க’ என்றான். ‘சாப்பிடுங்க தம்பி, சாப்பிடுங்க’ என்றேன். மாமி ஆச்சரியமாகப் பார்த்தார்.

அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஏன் சொல்ல வேண்டும்? என்னிடம் ‘ஏன் காத்திருந்தம்’ என்று கேட்டபோது எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

கூட்டத்துக்குக் கிரானிலிருந்து இளையதம்பி ஐயா வந்திருந்தார். அந்தப் பக்கத்து வெள்ளாமைக்காரர்களுக்கு அவர்தான் பேசுவார். மீன்பிடிகாரர்களும் வந்திருந்தார்கள். ஸியாம் படத்தைக் காட்டிக்கொண்டு போனான். ஏறாவூர் வந்தது. நான் கையை உயர்த்தினேன்.

‘சேர், இந்தப் படம் பிழை. காத்தான்குடிப் படமும் பிழை’ என்றேன். பாறூக் காக்காவின் சுவிச்சிலிருந்து தொடங்கி, எறிந்துவிட்ட திகதி வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் படத்தையும் காட்டினேன்.

இளையதம்பி ஐயா தலையை ஆட்டினார். ‘நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன். எங்கட வட்டைக்கு மழையே காணாத நேரத்துல ஏறாவூருக்கு வெள்ளம் எங்கால வந்த எண்டு யோசிச்சன் தம்பி.’

இனி அவன் தடுமாறுவான், சாக்குச் சொல்லுவான், முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் படத்தைக் கிட்ட வந்து பார்த்தான். பிறகு சிரித்தான்.

‘காக்கா சொல்றது முழுக்கச் சரி சேர். கெதியா ஏத்தோணும் எண்டு திகதிய விட்டது என்ட பிழை. வெள்ளிக்கிழம கருவி நிக்கும் எண்டு எனக்குத் தெரியும், ஆனா நெனப்பு வரல்ல. காக்கா பாக்காட்டி நாங்க இந்த ஐயா மார்ட்டப் பொய்க் கதை சொல்லியிருப்பம்.’

இப்படிப்பட்டவனை எப்படித் தோற்கடிப்பது, சொல்லுங்கள். அடித்தால் அடி விழவேண்டிய இடத்தில் ஆளே இல்லை. அன்று பின்னேரத்துக்குள் சரிசெய்தும் விட்டான். திகதிகளை ஒரே ஒரு தரம் வாசித்து, முதல் நாளிலிருந்து எத்தனையாவது நிரை என்று கணக்காக்கி, ஒவ்வொரு எண்ணையும் அதனதன் நிரையில் எழுதினான். எண் இல்லாத நிரைக்கு ‘இல்லை’ என்று ஓர் அடையாளம் வைத்தான். பிறகு படத்தைக் கேட்டால் நான் கதிரையைத் தள்ள முன்பு முன் போலவே வருகிறது. வெள்ளிக்கிழமைகளும் இருக்கின்றன. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

ஆனால் அருமைநாயகம் சேர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, ‘கெதியை விட எனக்கு இதுதான் முக்கியம், நிஸ்தார்’ என்றார். சில கிழமையில் நியமனக் கடிதம் வந்தது. என் பெயருக்கு.

நான் அன்று வளவுக்குள் நடந்து வந்த மாதிரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாமி வட்டிலப்பம் அவித்தார். அடுத்த நாள் மீன் தலை பிளக்காமல் முழுசாக என் பக்கம் வந்தது. ஸியாம் கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, ‘சந்தோசம் காக்கா, அல்ஹம்துலில்லாஹ்’ என்றான். அவன் முகத்தில் ஒரு வாட்டமாவது தெரியுமா என்று தேடிப் பார்த்தேன். நன்றாக மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை ஏற்கப் போகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம், ஸுஹைனா என் சேட்டுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமையாக நான் பேசியதெல்லாம் ஒரே பேச்சுத்தான்.

‘கெதி, கெதி எண்டு பறந்தாரு உன்ட தங்கச்சிட மாப்பிள்ள. கடைசில என்ன நடந்த? கொழும்பில படிச்சாப் போதுமா, புத்தி வேணாமா? சேர் ஆளக் கண்டுபிடிச்சிற்றாரு. ஆரு வேல செய்யிற, ஆரு படம் காட்டுற எண்டு—’

‘போதும்’ என்றாள். அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ‘அவரு உங்களோட போட்டிக்கே வரல்ல. சும்மா கிடங்க.’

‘என்னத்தக் கதைக்கிற?’

‘பெருநாள் கழிஞ்ச கிழமை நான் கிணத்தடிக்கு அங்கால போய் ஸியாமிட்டக் கேட்டன். இந்த வேலைய எங்கட அவருக்கு விட்டுத் தாங்க தம்பி, அவருக்கு வயசெல்ல முடியப் போகுது எண்டு. அடுத்த நாளே உங்கட சேர்ட்டப் போய்த் தனக்கு வேணா எண்டு சொல்லிற்றாரு.’

பெருநாள் கழிந்த கிழமை. நான் தன்னாமுனையில் வைத்து அவனிடம் கேட்க முன்பு. பாறூக் காக்காவின் சுவிச்சை நான் பார்க்க எவ்வளவோ முன்பு.

‘அந்தப் பிழைய நான்தான் பிடிச்சன்’ என்றேன்.

‘ஓம், நீங்கதான் பிடிச்ச.’

‘பொறகு என்னத்துக்குப் போய்க் கேட்ட?’

அவள் சேட்டின் கையை நீவிவிட்டாள். அவள் கோபம் போய்விட்டது என்று குரலில் தெரிந்தது. ‘நீங்க பிடிப்பீங்க எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களால ஏலாதெண்டு நெனச்சிற்றன்.’

நான் எழும்பி உட்கார்ந்தேன். அவளோடு கோபப்பட வேண்டும், கதவை அடித்துச் சாத்த வேண்டும், குறைந்தது ஒரு சத்தமாவது போட வேண்டும். ஆனால் என் வாயில் வந்தது அவனைப் பற்றித்தான்.

‘கேட்டவுடன அவரு என்ன சொன்ன?’

‘ஓம் எண்டாரு.’

‘உடனேயா?’

‘உடனே.’

‘கொஞ்சமாவது யோசிச்சிருப்பாரு. றிஸ்னாட்டக் கேட்டுச் சொல்றன் எண்டாவது சொல்லியிருப்பாரு. முகத்தப் பாத்தாயா நீ?’

ஸுஹைனா சேட்டை மறுபக்கம் திருப்பிப் போட்டு மறுபடி அயர்ன் பெட்டியை எடுத்தாள்.

‘யோசிக்கல்ல,’ என்றாள். ‘தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க ராத்தா எண்டாரு.’